உள்ளேன் சங்கம்

"உள்ளேன் அம்மா" என்று அந்தக் குரல் சொன்னபோது ஜன்னலுக்கு வெளியே வாதாம் மரத்தில் ஒரு காகம் இறக்கையை உதறிக்கொண்டிருந்தது. இத்தனை காலத்துக்குப் பிறகும் அந்த இரண்டு சத்தமும் எனக்குச் சேர்ந்தேதான் கேட்கின்றன. ஒரு காது மந்தமாகிப் போன இப்போதும், மாடியில் துணி எடுக்கப் போகையில் எங்காவது காகம் சிறகடித்தால் அடுத்து அந்தக் குரல் வரும் என்று நின்றுவிடுகிறேன். உப்புக் காற்று பட்டுக் கொஞ்சம் கரகரத்த குரல், சொல்லின் முடிவில் லேசாக மேலேறி நிற்கும் குரல், எங்கள் ஆவுடைநாயகியின் குரல். பெஞ்சில் ஆவுடை இல்லை.

அது இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்கு முந்தைய வருஷம். ஆலங்கோட்டை மகளிர் கல்லூரியில் நாங்கள் வரலாறு இறுதி ஆண்டு படித்துக்கொண்டிருந்தோம். மற்றக் கல்லூரிகளில் பெயர் கூப்பிட்டால் 'பிரசன்ட் மிஸ்' என்பார்கள். எங்கள் பிரின்சிபால் சற்குணம் அம்மா மட்டும் 'உள்ளேன் அம்மா' என்றுதான் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தார். இருப்பதை வாய்விட்டுச் சொல்லப் பழகாத பெண்ணை நாளைக்கு யாரும் எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார்கள் என்பது அவர் கட்சி. ஐப்பசியில் ஒரு நாள் காலை, வரலாற்று ஆசிரியை ரூபவதி மிஸ் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கடற்கரைப் பக்கம் உப்பளம் வைத்திருந்த சுடலைமுத்து, ஆவுடையின் அப்பா, வகுப்பு வாசலில் வந்து நின்றார். தூத்துக்குடியில் லாரி ஓட்டும் குடும்பத்தில் பேசி முடித்தாயிற்று, மாசியில் கல்யாணம், பெட்டியை எடுத்தாயிற்று, பஸ் நிற்கிறது என்றார். ஆவுடை தன் பெயர் வரப்போகிறது என்று மூச்சை இழுத்து வைத்திருந்தாள். இழுத்த மூச்சோடு எழுந்து அப்பாவின் பின்னால் போனாள். ரூபவதி மிஸ் பழக்கம் விடாமல் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அடுத்த பெயர் ஆவுடைநாயகி. இரண்டாம் பெஞ்சின் ஜன்னலோரத்தில் இருந்து பதில் வந்தது.

மிஸ் முதலில் எஸ்தர் கனகமணியைத்தான் பார்த்தார். எஸ்தர் எங்கள் வகுப்பில் எல்லாரையும் போலப் பேசிக் காட்டுபவள். மிஸ் தும்முவதைக் கூட அவரை விட அவர் போலத் தும்முவாள்.

"எஸ்தர், வராண்டாவில் போய் நில்."

"மிஸ், நான் செஞ்சா இத விட நல்லா இருக்கும் மிஸ்."

"போய் நில்லு."

எஸ்தர் வராண்டாவுக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு உதட்டையும் இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். மிஸ் மறுபடி கூப்பிட்டார். "உள்ளேன் அம்மா" என்றது ஜன்னலோரம், இந்த முறை கொஞ்சம் அலுப்போடு, ஏற்கெனவே சொன்னேனே என்பது போல. மிஸ் காலி இடத்தைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், பிறகு வந்திருக்கிறாள் என்று குறித்துவிட்டு, "சரி, போன வகுப்பில் எங்கே விட்டோம்?" என்று கேட்டார். எங்கே விட்டோம் என்பதையும் அந்தக் குரல்தான் சொன்னது.

அதன்பின் கல்லூரியில் நடந்த விவாதமெல்லாம் குரல் எப்படி வந்தது என்பதைப் பற்றி அல்ல, அதை என்ன செய்வது என்பதைப் பற்றித்தான். பௌதிக ஆசிரியை ஒலி என்றால் அதற்கு ஒரு மூலம் இருந்தாக வேண்டும் என்றார். "மூலம் அவங்க அப்பா வீட்டில இருக்கு, அது அவர் கவலை, ஒலி நம்ம கிட்ட இருக்கு, இது நம்ம கவலை" என்றார் சற்குணம் அம்மா. வருகை குறைந்தால் பல்கலைக்கழகம் பெயரை அடித்துவிடும், பரீட்சை எழுத முடியாது. ஆனால் இருப்பவளை இல்லை என்று எழுத நமக்கு அதிகாரம் இல்லை, பரீட்சைக்குக் கை வேண்டுமே என்பதைப் பரீட்சை வரும்போது பார்ப்போம் என்று அவர் முடிவு சொல்லிவிட்டார். விடுதி மேட்ரன் மட்டும் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு நாள் சண்டைக்கு வந்தார்.

"சாப்பிடாத பிள்ளைக்குப் பந்தியில என்ன வேலை? போகட்டும்னு விட்டா, சாம்பார்ல உப்பில்ல, உப்பில்லன்னு தினம் ஒரு குறை!"

"அவ உடம்போட இருந்தப்பவும் அதத்தான சொன்னா" என்றேன் நான்.

"அதான் சொல்லுதேன். போனவ போனாளே, அதையாவது கூடக் கொண்டு போயிருக்கக் கூடாதா?" என்று சொல்லிக்கொண்டே மேட்ரன் அடுக்களைக்குப் போய் உப்பு ஜாடியை எடுத்து வந்தார்.

அன்று மதியம் வாதாம் மரத்தடியில் நாங்கள் சங்கம் தொடங்கினோம். குரலுக்குப் பக்கம் புரட்ட விரல் இல்லாததால் புத்தகத்தை யாராவது வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது; ஞாயிற்றுக்கிழமை யாரும் பேச்சுக் கொடுக்காமல் விட்டால் திங்கட்கிழமை தொண்டை கட்டிக்கொண்டு வந்தது, சுக்குக் கஷாயம் காய்ச்சி மேஜையில் ஆவி பறக்க வைத்தால்தான் தெளிந்தது; வகுப்பிலிருந்து விடுதிக்கு அது தனியே வந்தால் எதிரே வந்த தபால்காரர் பயந்து சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். இதற்கெல்லாம் ஆள் வேண்டும், முறை வேண்டும், அவள் இடத்தில் யாரும் உட்காரக் கூடாது, அவளைத் தனியே விடக் கூடாது என்று ஒரு கட்டு வேண்டும். சங்கம் என்றால் தலைவி வேண்டும் என்று ஒருத்தி சொன்னாள்.

"தலைவி ஆவுடைதான்" என்றாள் எஸ்தர்.

"அவளுக்கு உடம்பே இல்லையேட்டி."

"தலைவிக்கு எதுக்குட்டி உடம்பு? நாம சொல்றதக் கேட்டுட்டு ரெண்டு வார்த்தை பேசினாப் போதும்."

"வாதாம் இலை மேல உக்காராதீங்க, எறும்பு இருக்கு" என்றது தலைவியின் குரல். அதுவே தலைமையுரை ஆயிற்று.

அங்கே ஊரில், ஆவுடை வாயைத் திறந்தால் வெறும் காற்று வந்தது. பேசி முடித்த மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை நேரில் பார்க்க வந்து ஒரு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவள் பேசத்தான் செய்தாள், உதடு அசைந்தது, நாக்கு புரண்டது, சத்தம் மட்டும் இல்லை. மாப்பிள்ளையின் அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஊமைப் பெண்ணை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். பேசுவாள், ஆலங்கோட்டையில் விட்டுவிட்டு வந்துவிட்டாள் என்று சுடலைமுத்து உண்மையைச் சொன்னார். அப்படியென்றால் மாசிக்குள் எடுத்து வையுங்கள், வந்து கேட்டுவிட்டுத் தாம்பூலம் மாற்றுகிறோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் லாரியிலேயே திரும்பிப் போனார்கள். குறி சொல்பவரிடம் போனார் சுடலைமுத்து. மூடி போட்ட பாத்திரத்தைத் திறந்து பிடித்தால் குரல் தானாக உள்ளே போகும், மூடிக் கொண்டு வந்து வாய்க்கு நேரே திறந்தால் சேர்ந்துவிடும் என்று அவர் சொன்னார். உப்பளத்துக்குக் கஞ்சி கொண்டு போகும் பித்தளைத் தூக்குச்சட்டியைப் புளி போட்டுத் துலக்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

எங்கள் வகுப்பு வாசலில் அவர் மறுபடி வந்து நின்றபோது யாரும் மூச்சு விடவில்லை. கறுத்து வெடித்த கால்கள், முழங்கால் வரை உப்புப் பூத்திருந்தது. வெள்ளை வேட்டிக்குப் பொருந்தாத பயத்தோடு கண் பெஞ்சு பெஞ்சாகத் தேடியது. ரூபவதி மிஸ் கடைசிப் பெஞ்சைக் காட்டினார். அவர் உட்கார்ந்து தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்தார்.

"ஆவுடை, வீட்டுக்கு வா தாயி. ஆத்தா சோறு திங்காம கெடக்கா."

நாங்கள் எல்லாரும் ஜன்னலோரத்தைப் பார்த்தோம். தன் மகளை அவர் அப்படிக் கூப்பிட்டு நாங்கள் கேட்டதில்லை. அவளும் கேட்டிருப்பாளா என்று தெரியவில்லை. குரல் அவரோடு போய்விடுமோ என்று நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அடுத்த பீரியடும் இருக்குப்பா" என்றது குரல், மெதுவாக.

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். சுடலைமுத்துவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்து போனால் வந்தது வீண், கத்தலாம் என்றால் பாடம் நடக்கும் இடம். திறந்த தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். மிஸ் பாடத்தைத் தொடர்ந்தார். பெற்ற மகனே கோட்டைக்குள் சிறை வைத்த ஒரு பேரரசரின் கதை அது. கேள்விகள் வந்தபோது ஆவுடையின் குரலும் பதில் சொல்லியது. மணி அடித்ததும் சுடலைமுத்து சட்டென்று மூடியை அழுத்தி மூடி, வேட்டி முனையால் சுற்றிக் கட்டி, யாரையும் பார்க்காமல் வெளியேறினார். குரல் போயே போய்விட்டது என்று எஸ்தர் அழத் தொடங்கினாள்.

"எனக்கென்ன, நான் இங்கதான் இருக்கேன். மூக்கைச் சிந்து முதல்ல" என்றது ஜன்னலோரம்.

தூக்குச்சட்டியில் போனது வேறு. பிற்பாடு ஆவுடை சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. வீட்டு முற்றத்தில் மகளை நிறுத்தி வாய்க்கு நேரே மூடியைத் திறந்ததும், முதலில் சாக்பீஸ் கரும்பலகையில் கிறீச்சிடும் சத்தம் வந்தது, பிறகு பெஞ்சு நகர்த்துவது, காகம், எங்கள் சிரிப்பு, அப்புறம் ரூபவதி மிஸ்ஸின் கணீர்க் குரலில் அந்த வகுப்பு முழுக்க, ஒரு சொல் சிந்தாமல். உளுந்து புடைத்துக்கொண்டிருந்த ஆவுடையின் அம்மா பிச்சம்மாள் முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டார். கிழட்டு ராஜா கோட்டை ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வெளியே சுதந்திரமாக இருக்கலாம் என்று எல்லாரும் சொல்லியும் அவருடைய மூத்த மகள் தானும் கோட்டை வாசலில் வந்து நிற்கிறாள். காவலன் சாவியை எடுக்கிறான். மணி அடித்துவிட்டது. தூக்குச்சட்டி காலி.

"பொறவு?" என்றார் பிச்சம்மாள்.

"பொறவு என்ன பொறவு? குரல் வரல."

"குரல் கெடக்கட்டும். அந்தப் பிள்ள உள்ள போனாளா இல்லையா?"

"எனக்கென்னட்டி தெரியும்?"

"தெரியாம என்னத்துக்குப் பஸ்ஸுக்குத் துட்டக் கொடுத்துட்டு வந்தீக? நாளைக்குப் போய்க் கேட்டுட்டு வாங்க."

மறுநாள் அவர் வாசலில் நின்றபோது பயம் இல்லை, வெட்கம்தான் இருந்தது. "டீச்சரம்மா, அந்த ராசா மவ என்ன ஆனான்னு வீட்ல கேட்டுட்டு வரச் சொன்னா" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். ரூபவதி மிஸ் பழுப்பேறிய குறிப்புகளைப் பார்த்து வாசித்துக்கொண்டே பல வருஷம் ஓட்டியவர். அன்று முதன்முதலாக அந்தத் தாள்களை மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, கடைசிப் பெஞ்சின் தூக்குச்சட்டியைப் பார்த்துப் பாடம் நடத்தத் தொடங்கினார். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுவதும் அவர் நடத்தியது போல யாரும் நடத்தி நான் கேட்டதில்லை. அரசர்கள் வியர்த்தார்கள், ராணிகளுக்குக் கால் வலித்தது, படைகள் நடந்தபோது உப்புக்கும் தண்ணீருக்கும் என்ன செய்தார்கள் என்று தெரிந்தது. உப்பு என்ற சொல் வரும்போதெல்லாம் சுடலைமுத்து நிமிர்ந்து உட்காருவார்.

முற்றத்தில் முதலில் பிச்சம்மாள் மட்டும் கேட்டார், பிறகு பக்கத்து வீட்டுக்காரி, பிறகு உப்பளத்தில் வாரியிழுக்கும் பெண்கள், வேலை முடிந்து காலில் உப்பு எரிய எரிய வந்து தண்ணீர்த் தொட்டிக்குள் காலை வைத்துக்கொண்டே கேட்டார்கள். மருமகளோடு பேசாத மாமியார் கேட்க வந்தார், மாமியாருக்குத் தெரியாமல் மருமகளும் வந்தாள். அரசியல் பேசும் ஆண்கள் வேலிக்கு அந்தப் பக்கம் பீடி குடிப்பது போல நின்று கேட்டார்கள். கேட்டவர்கள் மறுநாள் உப்பளத்தில் யார் செய்தது சரி, யார் செய்தது தவறு என்று சண்டை போட்டார்கள். யாருக்கும் தூக்குச்சட்டி பேசுவது விசேஷமாகப் படவில்லை. இன்றைக்குச் சத்தம் குறைவு, பஸ்ஸில் குலுங்கிவிட்டதா என்றுதான் கேட்டார்கள்.

நடுவில் ஆவுடை ஊமையாக உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் பிச்சம்மாள் பாடத்தை விட்டுவிட்டு மகளைப் பார்த்தார். தூக்குச்சட்டிக்குள் மிஸ் ஒரு கேள்வி கேட்டார். உள்ளிருந்து ஆவுடையின் குரல் பதில் சொன்னது. அந்தப் பதில் வருவதற்கு ஒரு கணம் முன்னால் இங்கே மகளின் தொண்டைக் குழி ஏறி இறங்கியது, கண் பளிச்சென்று ஆனது, பதில் முடிந்ததும் மறுபடி அணைந்தது. அன்று பிச்சம்மாள் கணவரிடம், "இவ இங்க இல்லீங்க. அங்கதான் இருக்கா. நாம சும்மா சட்டையக் காவல் காக்கோம்" என்றார். சுடலைமுத்து தூக்குச்சட்டியைத் துலக்கப் போனார்.

மாசி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் சொன்னபடி வந்தார்கள். ஆலங்கோட்டையில் நாங்கள் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கல்யாணம் நடந்துவிட்டால் குரல் மட்டும் வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வோம், பரீட்சைத் தாளை யார் கையால் எழுதுவோம்? அங்கே மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணப் பேசச் சொல்லுங்க" என்றார். சுடலைமுத்துவுக்கு மானம் போகிற நேரம். குரல் இருக்கிறது, இல்லாமல் இல்லை என்று காட்டினால் போதும் என்று நினைத்தவராக, முந்தைய நாள் கொண்டுவந்து வைத்திருந்த தூக்குச்சட்டியை நடுக்கூடத்தில் வைத்துத் திறந்தார்.

அந்த வகுப்பில் மிஸ் கேட்டிருந்த கேள்வி, தந்தையைச் சிறை வைத்த மகன் நல்ல அரசனா என்பது. ஆவுடை எழுந்து பதில் சொன்னாள், அதாவது அவள் குரல் சொன்னது. நிலவரி பற்றி, போர் பற்றி, சகோதரர்கள் பற்றி, எங்கும் தடுமாறாமல், நடுவில் மிஸ் குறுக்கிட்டபோது "இருங்கம்மா, இன்னும் முடிக்கல" என்று சொல்லிவிட்டு மேலும் சொன்னது. கடைசியில், அடைத்து வைப்பவனுக்கும் அதே கோட்டைதான் காவல், அவனாலும் அந்த வாசலை விட்டு நகர முடியாது என்று முடித்தது. எங்கள் கைத்தட்டல் சத்தம் கூடம் முழுக்கப் பரவியது. மாப்பிள்ளையின் அப்பா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"பொண்ணு பேசுதா, கச்சேரி வைக்குதா?" என்றார்.

"ஏங்க எந்திரிங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "இவ்வளவு பேசுறவ நமக்கு ஆகாது. ஊமையாவே இருந்திருந்தாலும் பொறுத்துப் போயிருக்கலாம்."

லாரி கிளம்பும் சத்தம் கேட்டு, அதுவும் தேய்ந்து போன பிறகு, பிச்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அந்தத் தண்ணீரோடு உள்ளே போய் மகளின் பெட்டியை எடுத்து வந்து கணவர் முன்னால் வைத்தார்.

"நாளைக்கும் கேட்கப் போகணும்லா? வெறும் சட்டியத் தூக்கிட்டுப் போறதுக்கு இவளையும் கூட்டிட்டுப் போங்க."

சுடலைமுத்து வெகுநேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாராம். மகன் இல்லாத மனிதர். ஒரே மகளை நல்ல இடத்தில் கொடுத்துவிட்டுக் கண் மூட நினைத்தவர். அவர் கேட்டது ஒன்றுதான், மனைவியிடம் அல்ல, மகளிடம். "அந்தக் கோட்டைய நான்தான் கட்டினேன்னு சொல்லுதியா தாயி?" ஆவுடை குனிந்தாள். அப்பாவின் காலில் பூத்திருந்த உப்பைத் தன் தாவணியால் துடைத்துவிட்டாள்.

அடுத்த நாள் ரூபவதி மிஸ் பெயர்களைக் கூப்பிட்டபோது வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். யாரும் திரும்பவில்லை, திரும்பினால் கலைந்துவிடும் என்று பயம். மிஸ் அந்தப் பெயருக்கு வந்தார். கூப்பிட்டார். ஜன்னலோரம் மௌனமாக இருந்தது. மாதக் கணக்கில் முதல் தடவையாகப் பதில் வரவில்லை. ஆவுடை நடந்து வந்து, நாங்கள் யாருக்கும் விடாமல் வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்து, ஐப்பசியில் இழுத்து வைத்த மூச்சை விட்டாள்.

"உள்ளேன் அம்மா."

"போன வகுப்பில் எங்கே விட்டோம்?" என்று கேட்டார் மிஸ். சுடலைமுத்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து மூடியைத் திறந்தார். வீட்டில் கேட்பாள்.

ஆவுடை பரீட்சை எழுதினாள், தேறினாள். நாங்கள் எல்லாரும் தேறினோம், எஸ்தர் உட்பட. சங்கத்தைக் கலைக்கலாம் என்று நினைத்திருந்தோம். ஆனால் அடுத்த வருஷமே தாவரவியல் வகுப்பில் ஒருத்தியை அழைத்துப் போனார்கள், அவள் குரல் தங்கிவிட்டது. அழைத்துப் போக ஆள் வந்தால் பெயர் கூப்பிடும் வரை எப்படியாவது தாமதியுங்கள், மூச்சை இழுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வழக்கம் அப்படித்தான் வந்தது. ஜன்னலோரத்துக்காக இரண்டு குரல்கள் சண்டை போட்ட வருஷம் ஒன்று உண்டு. புயலில் கல்லூரியை மூடியபோது குரல்கள் தங்களுக்குள்ளேயே பெயர் கூப்பிட்டு வருகை எடுத்துக்கொண்ட வருஷம் உண்டு. பேச்சுப் போட்டியில் ஒரு குரல் கோப்பை வாங்கி, அதை யார் கையில் கொடுப்பது என்று தலைமை தாங்கியவர் திண்டாடிய வருஷம் உண்டு. சிங்கப்பூருக்குக் கப்பலேற்றிக் கொண்டு போன மரகதவல்லியின் குரல் மட்டும் நெடுங்காலம் இங்கேயே இருந்தது. ஒரு ஆடி மாதத்தில் பெயர் கூப்பிட்டபோது பதில் வரவில்லை, அந்த வகுப்பு முழுக்க எல்லாரும் எழுந்து நின்றார்கள். சங்கத்தின் வெள்ளிவிழாவுக்குப் படமெடுக்க வந்த ஸ்டூடியோக்காரர் எங்களை வரிசையாக நிறுத்தும்போது நாங்கள் சொல்லாமலே இடைவெளி விட்டார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, அந்தம்மா மறையுறாங்க" என்று என்னிடம் சொன்னார். அந்தப் படம் என் அறையில் மாட்டியிருக்கிறது. வந்தவர்கள் ஏன் இத்தனை இடைவெளி என்று கேட்பதில்லை.

இப்போது அங்கே வருகைக்கு விரலை வைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. பெண்கள் ஸ்கூட்டரில் வருகிறார்கள், யாரும் அழைத்துப் போக வந்து நிற்பதில்லை, வந்தாலும் பெண்கள் போவதில்லை. கடைசியாக ஒரு குரல் தங்கிப் பல வருஷம் ஆகிவிட்டது. இந்தத் தடவை கூட்டத்தில் ஒரு சின்னப் பெண் தயங்கித் தயங்கி, இனி இந்தச் சங்கம் எதற்கு என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவும் அந்த வருத்தத்தில் ஒரு நிம்மதியாகவும் இருந்தது. எஸ்தர் கைத்தடியைத் தரையில் தட்டிவிட்டு, அன்றைய விடுதி மேட்ரனின் குரலில், "பெஞ்சு இருந்துட்டுப் போகட்டும், அது என்ன சோறா கேட்குது?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பெஞ்சு இருக்கிறது.

ஆவுடைநாயகி அரசு பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்தி, தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றாள். பிச்சம்மாள் போன பிறகு, உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் பல வருஷம் நின்று கண் பார்வை இழந்திருந்த சுடலைமுத்து மகள் வீட்டுக்கு வந்து, அவள் மறுநாள் பாடத்தைத் தயாரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு கடைசி வரை அங்கேயே இருந்தார், அங்கேயே இறந்தார்.